சுக்கிர ஓரையில் திறந்த நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் ஏலத்தில் ஏலக்காய் வாங்கியிருக்கிறேன். பையில் காசில்லாமல், வாங்கும் எண்ணமும் இல்லாமல், வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரியாமல், நாற்பத்திரண்டு வியாபாரிகளை ஒரே நேரத்தில் முந்தி வாங்கினேன். அந்தச் சரக்கு என் பெயரில் இருந்தது பதினாறு நிமிடம். என் குடும்பம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது இது ஒன்பதாவது வருடம்.

அப்போது நான் போடியில் ஓர் ஏலக் கம்பெனியில் சிஸ்டம் ஆள். (கம்பெனியின் பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் தெரியும்.) அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் ஐந்து வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அங்கே எதற்கும் மணி குறிப்பார்கள். பக்கம் அச்சுக்குப் போனது 11.42, அச்சுப் பிளேட் வந்தது 12.05 என்று. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்தக் கதையில் வரும் மணிகள் எல்லாம் அன்று என் சட்டைப்பை நோட்டில் எழுதியவை. வீடு பற்றி எரியும்போதும் நான் மணி எழுதுவேன் என்பாள் மனைவி.

மதுரை வேலை போனதும் சொந்த ஊரான அல்லிநகரத்துக்கே திரும்பினேன். கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவி சுதாவுக்குத் தேனியில் பள்ளிக்கூட வேலை. எனக்குச் சென்னையில் ஒரு வேலை தயாராக இருந்தது. போனால் அவள் இங்கே, நான் அங்கே. அந்த நேரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர் கருணாகரன் மச்சான், தான் வியாபாரியாக உட்காரும் ஏலக் கம்பெனியில் சொல்லி எனக்கு இடம் வாங்கித் தந்தார். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் போய் வரலாம் என்றார்கள். மூன்று மாதம் முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கதையும் அந்த வெள்ளிக்கிழமைதான்.

ஏலக் கூடத்தைப் பார்க்காதவர்களுக்காக: நடுத்தரக் கல்யாண மண்டபம் அளவு. நாற்பத்திரண்டு மேஜை, மேஜைக்கொரு கம்ப்யூட்டர், மேஜைக்கொரு வியாபாரி. எதிரே சுவரில் பெரிய திரை. அதன் கீழே மேடையில் ஏலம் விடுகிறவர். பின்னால் பெஞ்சுகளில் சரக்குக்காரர்கள், அதாவது மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது தனித்தனியாக ஏலம் விடும் ஒவ்வொரு சரக்குக்கும், சின்னப் பிளாஸ்டிக் கவரில் மாதிரி வரும். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, மோந்து, ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவார். பிறகு கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் விலை ஏறும். யார் முன்னால் நிற்கிறாரோ அவர் பெயர் பெரிய திரையில் வரும். அவருடைய சொந்தத் திரை பச்சையாகும்.

மிச்சம் விட்ட ஏலக்காய் கீபோர்டுக்குள் போகும். முதல் மாதம் என் தலையாய தொழில்நுட்பப் பணி, நாற்பத்திரண்டு கீபோர்டுகளையும் கவிழ்த்துத் தட்டுவது.

இரண்டாம் மாதம் பதினேழாம் மேஜை பெருமாள்சாமி அண்ணாச்சி, பேத்தி காதுகுத்துப் படங்களை எல்லோருக்கும் காட்ட ஒரு பென் டிரைவைச் செருகினார். காதணியோடு வைரஸும் வந்தது. அரை நாள் ஏலம் நின்றது. நான் பொங்கி எழுந்தேன். வியாபாரிகள் எல்லோரையும் குடித்தனக்காரர்கள் ஆக்கினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஜாதி ஆட்கள்தான். ஒருவர் வீட்டுக்காரர், எதையும் செய்யலாம். மற்றவர் குடித்தனக்காரர், புழங்கலாம், ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நான் மட்டும் வீட்டுக்காரர். புதிய சாப்ட்வேர் போடத் தடை, பென் டிரைவுக்குத் தடை, திரையில் படம் மாற்றக்கூடத் தடை. பெருமாள்சாமி அண்ணாச்சி வைத்திருந்த பழநி முருகன் படம் போய் எல்லாத் திரையிலும் ஒரே நீல நிறம் வந்தது.

"முருகனயே காலி பண்ணச் சொல்லிட்டான்யா," என்று அவர் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். "நம்மளயெல்லாம் எப்பக் காலி பண்ணப்போறானோ."

நான் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, கேட்காதது போல நடந்தேன். (நாற்பத்திரண்டு பேருக்கும் என்னைத் தெரியும். அட்டை எனக்காகத்தான் மாட்டியிருந்தேன்.)

இந்த நிலையில் கொச்சியிலிருந்து புதிய ஏலச் சாப்ட்வேர் வந்தது. அதைச் செய்த ஷிஜு போனில் மட்டும் பழக்கம். அவரிடம் ஒரு சலுகை கேட்டு வாங்கினேன். வியாபாரிகள் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரு முறை, ஏலத்துக்குள் நுழைய இன்னொரு முறை என்று பெயரும் பாஸ்வேர்டும் அடிக்க வேண்டாம். யார் பெயரில் கம்ப்யூட்டருக்குள் வந்தார்களோ அவர் பெயரிலேயே ஏலம் கேட்கட்டும். ஷிஜு செய்து கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெருமையை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சோதிக்காமல் எதையும் விடுகிற ஆள் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் 'சோதனை' என்ற பெயரில் ஒரு பொய்க் குடித்தனக்காரரை உருவாக்கி, அவராகவே மூன்று நாள் உட்கார்ந்து ஏலம் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். வியாழக்கிழமை மாலை, சர்வரிலிருந்தே நாற்பத்திரண்டிலும் சாப்ட்வேரை இறக்கினேன். இனி அவரவர் வந்து திறக்க வேண்டியதுதான்.

மேனேஜர் ராமசுப்பு சார் தினசரிக் காலண்டரோடு வந்தார்.

"தம்பி, நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பு?"

"வியாபாரிக ஒன்பதரைக்கு வருவாக சார். வந்து தொறப்பாக."

"அவுக வந்து தொறக்கிறது கெடக்கட்டும். மொதத் தொறப்ப நாம நல்ல நேரத்துல செஞ்சிரணும். வெள்ளிக்கெழம ஆறிலருந்து ஏழு சுக்கிர ஓரை. அதுக்குள்ள எல்லாத்தையும் ஒருக்காத் தொறந்து மூடிருவோம்."

"கம்ப்யூட்டருக்கு ஓரையெல்லாம் கெடயாது சார்."

"கம்ப்யூட்டருக்கு இல்லப்பா. கம்பெனிக்கு இருக்குல்ல?"

வெள்ளிக்கிழமை காலை 6.01க்கு முதல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வியாபாரிகளின் பாஸ்வேர்டுகள் என்னிடம் கிடையாது. ஆகவே என் சொந்தப் பெயரில், வீட்டுக்காரராக நுழைந்தேன். சாப்ட்வேர் மலர்ந்தது. மூடினேன். எனக்குப் பின்னால் மேனேஜர் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொரு திரைக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் தொட்டார். 6.53க்கு நாற்பத்திரண்டும் முடிந்தன. "இனி எவன் கண்ணும் படாது," என்றார். நான் டீ குடித்தேன்.

9.31. முதலில் உட்கார்ந்தவர் பெருமாள்சாமி அண்ணாச்சி. தன் பெயரை அடித்து உள்ளே வந்தார். சாப்ட்வேர் படத்தைத் தட்டினார். நீல முகப்பு வந்தது. ஒரு நொடி நின்றது. மறைந்தது.

"தம்பி, வந்துச்சு. போயிருச்சு."

"மறுபடி தட்டுங்க அண்ணாச்சி."

தட்டினார். வந்தது, போயிற்று. ஏன் போகிறேன் என்று ஒரு சொல் இல்லை. ஒரு எச்சரிக்கைக் கட்டம்கூட இல்லை. அதற்குள் அடுத்த மேஜையிலிருந்து ஒரு குரல், அதற்கடுத்த மேஜையிலிருந்து இன்னொன்று. 9.36க்குள் கூடம் முழுக்க நாற்பத்திரண்டு நீல முகப்புகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன, கார்த்திகைக் கடையில் சீரியல் பல்பு போல.

அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார்கள். வந்தது, போனது. வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். வந்தது, போனது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். (நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை என்று தெரிந்தேதான். எதையாவது பிடுங்குகிற ஆளைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.) ஷிஜுவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

9.48. கடைசியில் பெருமாள்சாமி அண்ணாச்சியை எழுப்பிவிட்டு, அவர் மேஜையில் நானே உட்கார்ந்து, என் பெயரில் நுழைந்து தட்டினேன். சாப்ட்வேர் மலர்ந்து நின்றது. ஓர் ஆட்டம் இல்லை, ஓர் அசைவு இல்லை.

"பாத்தீகளா, ஓடுது," என்றேன்.

நான் வெளியேறி அவரை உட்கார வைத்தேன். வந்தது, போயிற்று. மறுபடி நான். நின்றது. மறுபடி அவர். போயிற்று.

இருபத்தொன்பதாம் மேஜையிலும் இதே. முப்பத்தைந்திலும் இதே. கூடமே எழுந்து என் பின்னால் மேஜை மேஜையாக வந்தது. நான் உட்கார்ந்தால் ஓடுகிறது, அவர்கள் உட்கார்ந்தால் ஓடவில்லை. மூன்று மாதமாகக் கம்ப்யூட்டருக்கு ராசி கிடையாது, ஓரை கிடையாது என்று சொல்லி வந்தவன் நான். இப்போது நாற்பத்திரண்டு பேர் கண்ணெதிரே, அது என் ராசிக்கு மட்டும் ஓடியது.

"ராசியான பின்னாடிப்பா தம்பிக்கு," என்றார் பெருமாள்சாமி அண்ணாச்சி. "பேசாம மேஜைக்கு மேஜை நீங்களே உக்காருங்க. நாங்க ஒங்க மடியில உக்காந்துக்கிறோம்."

சிரிப்பு எழுந்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 9.57.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் லாட்டைத் தொடங்கிவிட்டால் போதும், தொடங்கினது தொடங்கினதுதான், பிறகு நடந்துகொண்டே இருக்கலாம். தொடங்காவிட்டால் பன்னிரண்டு மணி வரை இந்தக் கூடத்தில் ஒருவரும் பொத்தானைத் தொட மாட்டார்கள். பன்னிரண்டு வரை உட்காரவும் மாட்டார்கள். எழுந்து போனால் அன்றைய ஏலம் ரத்து. மலையிலிருந்து இறங்கி வந்த சரக்கு திரும்பி ஏறும்.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் பேசினார்.

"முதலாளி போன் பண்ணிட்டாக. சாயங்காலம் ஒங்க விசயமா முடிவு சொல்லணுமாம். நான் என்ன சொல்லட்டும்?"

சுதாவின் பள்ளிக்கூட டைம்டேபிளும், சென்னைப் பேருந்தும் கண்ணில் வந்தன.

கருணாகரன் மச்சான் இருபத்து மூன்றாம் மேஜையிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள, ஒங்கள இங்கன கொண்டாந்தது நான்னு இதுவரைக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

10.05. மேடையில் ஏலம் விடும் தேவசகாயம் ஐயா மைக்கைத் தட்டிப் பார்த்தார். முப்பது வருடக் குரல் அது. மைக் இல்லாமலே சின்னமனூர் வரை கேட்கும். "தம்பி, நமக்கு ராகு காலமெல்லாம் கெடயாது. ஆனா இவுகளுக்கு இருக்கு. இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு, பாத்துக்கங்க," என்றார் அன்பாக. அந்த அன்புதான் என்னை இன்னும் கலக்கியது.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, என்னைப் போலவே வியாபாரிகள் எல்லோரையும் வீட்டுக்காரர்கள் ஆக்கிவிடுவது. சர்வரில் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது என் கொள்கைக்கு விரோதம். நாளைக்கே பழநி முருகன் திரும்பி வருவார், பென் டிரைவ் வரும், வைரஸ் வரும். இரண்டாவது, நான் உட்கார்ந்தால் ஓடுகிறதல்லவா? எல்லா மேஜையிலும் நானே என் பெயரில் நுழைந்து, சாப்ட்வேரைத் திறந்துவைத்துவிட்டு எழுந்துகொண்டால்?

பாதுகாப்பை முன்னிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதாவது, வீட்டின் சாவியை யாருக்கும் தரக் கூடாது என்ற கொள்கைக்காக நாற்பத்திரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தேன். இன்று இதை எழுதும்போதுதான் எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது. அன்று அது எனக்கு ஞானோதயமாக இருந்தது.

10.08க்குத் தொடங்கினேன். என் பாஸ்வேர்டு பத்தொன்பது எழுத்து. (பாதுகாப்பு.) நாற்பத்திரண்டு முறை அடித்தேன். நடுவில் இரண்டு முறை தப்பாக அடித்தேன், ஒரு முறை நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே அடித்தேன். விரலெல்லாம் ஏலக்காய்த் தோல். வியாபாரிகள் எழுந்து எனக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள், பந்தியில் பரிமாறுகிறவனுக்கு ஒதுங்குவது போல. பெருமாள்சாமி அண்ணாச்சி சத்தமாக எண்ணினார். "முப்பத்தாறு... முப்பத்தேழு... ஏலே, தண்ணி குடுங்கடா தம்பிக்கு!"

10.21. நாற்பத்திரண்டு திரைகளும் நின்று எரிந்தன. கை தட்டினார்கள். மேனேஜர் கண்ணை மூடிச் சுக்கிரனுக்கு நன்றி சொன்னார். நான் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தளபதியின் களைப்போடு அடையாள அட்டையைச் சரிசெய்தேன்.

தேவசகாயம் ஐயா குரல் எடுத்தார். "லாட் நம்பர் ஒண்ணு! மார்க்கையன்கோட்டை அன்னத்தாயம்மா சரக்கு! நல்ல பச்சை, நல்ல உருட்டு! கேளுங்க!"

எல்லோர் விரலும் ஒன்றாகப் பொத்தானுக்குப் போயின; யாரோ ஒருவர் முந்தி அமுக்கினார். பெரிய திரையில் பெயர் வந்தது: முத்துவேல்.

என் பெயர் முத்துவேல்.

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. ஊரில் ஆயிரம் முத்துவேல் இருப்பார்கள், நல்ல பெயர்தான் என்று நினைத்தேன். பிறகு மேஜைகளைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு திரைகளும் ஒன்றாகப் பச்சையாகியிருந்தன.

முத்துவேல் முன்னால் நின்றார். என் பெயரில் நுழைந்த கம்ப்யூட்டரில் ஏலமும் என் பெயரில்தான்; எல்லோருமே முத்துவேல். ஆகவே ஒவ்வொருவரும் பெரிய திரையைப் பார்க்காமல் தன் திரையின் பச்சையை மட்டும் பார்த்து, தானே முன்னால் நிற்பதாக நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அடுத்தவன் ஏற்றுவானா என்று காத்திருந்தார்கள். தனக்குத்தானே விலை ஏற்றுகிற பழக்கம் போடி வியாபாரிக்குக் கிடையாது. ஒவ்வொரு திரையின் மேல் மூலையிலும் என் பெயர் சின்ன எழுத்தில் இருந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். செய்து கொடுத்த ஆளின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள், கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதியிருப்பதைப் போல.

நிறுத்தச் சொல்லி மேடையை நோக்கிக் கையை ஆட்டினேன். ஐயாவின் குரல் முந்திக்கொண்டது.

"ஒரு தரம்..." விலை தொடங்கிய இடத்திலேயே நின்றது. "ரெண்டு தரம்..." தேவசகாயம் ஐயாவே ஆச்சரியப்பட்டுக் கூடத்தைப் பார்த்தார். "என்னங்கய்யா, இவ்வளவுதானா? மூணு தரம்!" மரச் சுத்தி விழுந்தது. "முத்துவேல்!"

மணி 10.24. கூவிய பெயரைக் காதில் வாங்காமல், நாற்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் திருப்தியாக நோட்டை எடுத்து, லாட் ஒன்று எனக்கு என்று எழுதினார்கள்.

பின்னால் ஒரு பெஞ்சு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அன்னத்தாயம்மா எழுந்து நின்றார். மலையில் தானே தோட்டம் பார்க்கிறவர். கையில் ஜீப் சாவி.

"அடிமட்ட வெலைக்கு என் சரக்க அள்ளிட்டுப் போறீகளே," என்றார். "ஆருப்பா அந்த முத்துவேலு? எந்திரிச்சு நில்லுங்க, மூஞ்சியப் பாத்துக்கிறேன்."

ஒருவரும் எழவில்லை. நாற்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெல்ல, மேஜை மேஜையாக, தலைகள் சுவர்ப் பக்கம் திரும்பின. நான்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேனே.

"அடப்பாவி," என்றார் பெருமாள்சாமி அண்ணாச்சி. அந்தச் சொல்லில் கோபத்தைவிட மரியாதை அதிகமாக இருந்தது. "மூணே மாசத்துல மொத்தக் கூடத்தையும் கைக்குள்ள போட்டுட்டானய்யா."

அது வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பின்பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நாலைந்து சரக்குக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "அது எப்படி, மிசினப் போட்ட ஆளே வாங்குவான்?" என்று ஒரு குரல். "எங்க சரக்கையும் எறக்குங்க, திரும்பக் கொண்டு போறோம்," என்று இன்னொன்று. மேனேஜர் கை கூப்பிக்கொண்டே பின்னால் ஓடினார். கருணாகரன் மச்சான் இருபத்து மூன்றாம் மேஜையில், முகத்துக்கு நேராக மாதிரிக் கவரைத் தூக்கிப் பிடித்து, ஒரே ஏலக்காயை வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

10.27. என் போன் அடித்தது. ஷிஜு.

"சேட்டா, சாரி, பைக்கில் ஆயிருந்நு. எந்தா பிரச்னம்?" பைக்கில் வந்துகொண்டிருந்தாராம்.

சர்வர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். நான் உட்கார்ந்தால் ஓடுகிறது, அவர்கள் உட்கார்ந்தால் ஓடவில்லை. சோதனையில் குடித்தனக்காரருக்கும் ஓடியது. பாதியிலேயே ஷிஜு நிறுத்தினார்.

"சேட்டா, ஒரு காரியம் மாத்ரம் பறயணும். ஆ மெஷீன்ல சாப்ட்வேர் ஆத்யம் தொறந்தது ஆரு?"

முதலில் திறந்தது யார்.

நான் என் கையை மோந்து பார்த்தேன். திரைகளைத் தொட்டதில் ஒட்டிய சந்தன வாசனை இன்னும் இருந்தது.

விஷயம் இதுதான். முதல் முறை திறக்கும்போது அந்தச் சாப்ட்வேர் தனக்கென்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் தன் குறிப்புகளை எழுதிக்கொள்ளும். முதலில் திறந்தவர் யாரோ அவருக்கே அந்த ஃபோல்டர் சொந்தம். பிறகு வருகிற குடித்தனக்காரர்கள் அதைப் பார்க்கலாம், எழுத முடியாது. எழுத முடியாவிட்டால் சாப்ட்வேர் ஒரு வார்த்தை பேசாமல் செத்துவிடும். சோதனையில் முதலில் திறந்தது குடித்தனக்காரர், அதனால் ஓடியது. அந்தந்த மேஜையில் அந்தந்த வியாபாரி முதலில் திறந்திருந்தால் நாற்பத்திரண்டும் ஓடியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழுக்குள், நல்ல ஓரை பார்த்து, நாற்பத்திரண்டையும் முதலில் திறந்தவன் நான். ஒவ்வொன்றையும் என் பெயருக்குப் பத்திரம் பதிந்து, பூட்டி, பொட்டும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"நான்தான்," என்றேன்.

"எந்தினா?" ஏன் என்று கேட்டார் ஷிஜு. அவருக்கு அதை விளக்க எனக்கு மலையாளம் போதவில்லை. தமிழும் போதவில்லை.

ஃபோல்டரை அழித்துவிட்டால் போதும். சர்வரிலிருந்து ஒரே கட்டளை, நாற்பத்திரண்டிலும். 10.35க்கு அழிந்தது. எல்லா மேஜையிலும் என் பெயரை வெளியேற்றினேன். இனி அவரவர் தன் பெயரில் நுழைந்து, அவரவரே முதலில் திறக்க வேண்டும். வெளியே வந்து மைக்கில் இதைச் சொன்னேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி... அப்ப இப்பத் தொறக்கிறதுதேன மொதத் தொறப்பு?"

"ஆமா சார்."

"ராகு காலத்துலயா?"

பொத்தானுக்குப் போன விரல்கள் அப்படியே நின்றன. சரக்குக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். அன்னத்தாயம்மாவின் கையில் ஜீப் சாவி சுற்றியது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அவர் கிளம்பிவிடுவார், அவர் பின்னால் மற்றவர்களும்.

தேவசகாயம் ஐயா மைக்கைக் கையில் எடுத்தார்.

"மேனேஜரே, சம்மதம்னா நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணித் தொறந்து வைக்கிறேன். எங்க ஆண்டவருக்கு எல்லா நேரமும் ஒண்ணுதான்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜீப் சாவியைப் பார்த்தார்.

"பண்ணுங்கய்யா," என்றார். "சீக்கிரம் முடியிற ஜெபமாப் பண்ணுங்க."

அது இருபது நொடி ஜெபம். முடிந்ததும் பெருமாள்சாமி அண்ணாச்சி, "முருகா" என்று தன் பங்குக்கும் சொல்லிவிட்டுத் தட்டினார். நீல முகப்பு வந்தது. நின்றது. மேல் மூலையில் அவர் பெயர். அடுத்த மேஜை. அதற்கடுத்த மேஜை. 10.38.

இனி லாட் ஒன்று மட்டும் பாக்கி. சுத்தி விழுந்த சரக்கைத் திரும்ப ஏலம் விட வேண்டுமானால், வாங்கியவர் சம்மதித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கூடத்தின் விதி. மேனேஜர் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். 'வாங்கியவர்: முத்துவேல்' என்று எழுதியிருந்தது. பேனாவை எடுத்தேன். அன்னத்தாயம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சரக்கையாவது மோந்து பாத்தீகளா?"

"இல்லம்மா."

"மோந்து பாருங்க. பாத்துட்டு விட்டுக் குடுங்க. அப்பத்தேன் எதை விட்டுக் குடுக்குறோம்னு தெரியும்."

மோந்தேன். கையெழுத்துப் போட்டேன். மணி 10.40. அதே சரக்கு மறுபடி ஏலத்துக்கு வந்தபோது நாற்பத்திரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். அன்னத்தாயம்மா உட்கார்ந்துவிட்டார். பெரிய திரையில் பெயர்கள் மாறி மாறி வந்தன. எதுவும் என் பெயர் இல்லை. அவ்வளவு அழகான காட்சியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் திறந்தது நான் என்பதை, எப்போது திறந்தேன் என்பதை, யார் சொல்லித் திறந்தேன் என்பதை. கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எழுந்து போய் அன்றைய தாளைக் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஓரை விசயத்த முதலாளிகிட்டச் சொல்ல வேணாம்."

"சரி சார்."

"நான் அவுககிட்டப் பேசிட்டேன். ரிஜிஸ்டர்ல வாங்குனவுக பட்டியல்ல ஒங்க பேரு இருக்கு. வாங்குனவுகள வெளியேத்துற பழக்கம் நம்ம கம்பெனிக்குக் கெடயாதுன்னு சொன்னேன். சிரிச்சாக." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "திங்கக்கெழம வந்துருங்க. அந்த முருகன் படத்த மட்டும் பெருமாள்சாமி அண்ணாச்சிக்கு வச்சுக் குடுத்துருங்க."

அன்றே வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். இன்றும் அங்கேதான் வேலை. (பெயர் சொல்லாததன் காரணம் இதுதான்.) இப்போது எந்தச் சாப்ட்வேர் வந்தாலும் முதலில் ஒரு வியாபாரியைத்தான் உட்காரச் சொல்கிறேன். அன்னத்தாயம்மா ஏலத்துக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "என்ன முத்துவேலு, இன்னைக்கு ஒண்ணும் வாங்கலயா?" என்று கேட்காமல் போவதில்லை.

போன தை மாதம் அல்லிநகரத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். விடிகாலை நல்ல நேரம். வாசலில் சொந்தமெல்லாம் நின்றது. மாவிலைத் தோரணத்தின் கீழே, புதுச் சாவியைப் பூட்டில் வைக்க நான் கையை நீட்டினேன்.

"ஏப்பா, அவன் கையிலருந்து சாவிய வாங்குங்க!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கருணாகரன் மச்சான் கத்தினார். "அவன் மொதல்ல தொறந்தான்னா அப்புறம் நம்ம ஒருத்தரும் உள்ள போக முடியாது!"

ஐயரே சிரித்துவிட்டார். சுதா என் கையிலிருந்த சாவியை வாங்கி, கதவைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். நான் கடைசி ஆளாக, குடித்தனக்காரனாகப் போனேன். மணி 4.52.